இந்தியத் தேர்தலில் வாக்களிக்கும் தகுதி: பெயர் சேர்ப்பது முதல் மை வைப்பது வரை முழுமையான வழிகாட்டி

வாக்குப்பதிவு நாளன்று எந்த ஊரின் வாக்குச்சாவடிக்குச் சென்றாலும், வாக்காளர் அட்டையைக் கையில் பிடித்தபடி, "பட்டியலில் பெயர் இல்லை என்கிறார்கள்" என்று மனம் நொந்து திரும்பும் சிலரையேனும் காணலாம். அவர்களின் அட்டை அசல்தான்; வயதிலும் குடியுரிமையிலும் ஐயமில்லை; சென்ற தேர்தலில் அதே பள்ளிக்கூடத்தில் வாக்களித்தவர்களாகவும் இருப்பார்கள். ஆயினும் வாக்குச்சாவடித் தலைமை அலுவலரால் அவர்களுக்கு உதவ இயலாது. ஒரு தொகுதியின் வாக்காளர் பட்டியலில் பெயர் இல்லாத எவரும் அத்தொகுதியில் வாக்களிக்க உரிமையற்றவர் என்று 1951ஆம் ஆண்டின் மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் 62ஆம் பிரிவில் வரையறுத்துவிட்டது. சட்டம் கேட்கும் தகுதி, பட்டியலில் உள்ள பெயர், கையிலுள்ள அட்டை ஆகிய மூன்றையும் ஒன்றெனக் கருதுவதால்தான் இந்த ஏமாற்றங்களில் பெரும்பாலானவை நேர்கின்றன. எனவே இவ்வழிகாட்டி அவற்றைத் தனித்தனியே எடுத்துக்கொள்கிறது. விதிகள் நாடு முழுவதற்கும் பொதுவானவை. எடுத்துக்காட்டுகள் பெரும்பாலும் தமிழ்நாட்டையும் புதுச்சேரியையும் சார்ந்தவை.

படி 1: உங்களுக்குத் தகுதி உண்டா என்று பாருங்கள்

அரசியலமைப்பின் 326ஆவது உறுப்பு மக்களவைக்கும் சட்டப்பேரவைகளுக்கும் வயதுவந்தோர் வாக்குரிமையை வழங்குகிறது. இந்தியக் குடிமகனாக அல்லது குடிமகளாக இருத்தல், 18 வயது நிறைந்திருத்தல், தொகுதியில் வழக்கமாகக் குடியிருத்தல், சட்டப்படியான தகுதியிழப்பு எதற்கும் உள்ளாகாதிருத்தல் ஆகியவையே அது கேட்பவை. படிப்பு, சொத்து, வரி, சாதி, மதம், பாலினம் எதுவும் கணக்கில் வராது. இன்று இயல்பாகத் தோன்றும் இந்த ஏற்பாடு ஒரே நாளில் வந்ததன்று. சென்னை மாகாணச் சட்டமன்றம் 1921இல் பெண்களுக்கு வாக்குரிமை அளித்தபோதும், சொத்து உள்ளிட்ட தகுதிகளைப் பெற்றிருந்த சிலருக்கே அது பயன்பட்டது. குடியரசின் முதல் பொதுத்தேர்தலுக்காகப் பட்டியல் தயாரித்தபோது, வட மாநிலங்களில் பல பெண்கள் தம் பெயரைச் சொல்லாமல் "இன்னாரின் மனைவி", "இன்னாரின் தாய்" என்றே எழுதச் சொன்னதால், ஏறத்தாழ 28 லட்சம் பெண்களின் பதிவுகள் நீக்கப்பட்டன. பட்டியலில் பெயர் சரியாக இருப்பதன் அருமை அப்போதே விளங்கிவிட்டது.

வாக்களிக்கும் வயது முன்பு 21 ஆக இருந்தது. 61ஆவது அரசியலமைப்புத் திருத்தத்தின் வழியாக 1989 மார்ச் முதல் அது 18 ஆயிற்று. இந்த 18 வயது வாக்குப்பதிவு நாளன்று நிறைந்தால் போதும் என்று பலர் நினைக்கிறார்கள், அது தவறு. "தகுதியேற்படுத்தும் நாள்" என்று சட்டம் குறிப்பிடும் தேதியில் வயது நிறைந்திருக்க வேண்டும். நெடுங்காலம் ஜனவரி 1 மட்டுமே அத்தகைய நாளாக இருந்ததால், ஜனவரி 2இல் பிறந்தவர் ஏறத்தாழ ஓராண்டு காத்திருக்க வேண்டியிருந்தது. 2021ஆம் ஆண்டின் தேர்தல் சட்டத் திருத்தத்துக்குப் பிறகு ஜனவரி 1, ஏப்ரல் 1, ஜூலை 1, அக்டோபர் 1 என ஆண்டுக்கு நான்கு நாட்கள் உள்ளன. 2008 மே 15இல் பிறந்தவருக்கு 2026 மே 15இல் 18 வயது நிறைகிறது. அவர் 2026 ஜூலை 1ஐத் தகுதி நாளாகக் கொண்டு பட்டியலில் இடம்பெறலாம். 17 வயது கடந்தவர்கள் முன்கூட்டியே விண்ணப்பிக்கலாம் என்பதால், பிளஸ் டூ படிக்கும்போதே அந்த வேலையை முடித்துவிடுவது நல்லது.

குடியுரிமையில் பெரும்பாலோருக்குச் சிக்கல் வராது. ஆயினும் பெற்றோர் வேறு நாட்டினராகவோ இடம்பெயர்ந்தவர்களாகவோ இருந்தால், பிறந்த தேதி முக்கியமாகிறது. குடியுரிமைச் சட்டத்தின்படி, 1950 ஜனவரி 26 முதல் 1987 ஜூன் 30 வரை இந்திய மண்ணில் பிறந்தவர்கள், தூதரக அலுவலர்களின் பிள்ளைகள் போன்ற சில விலக்குகள் நீங்கலாக, பிறப்பால் குடிமக்கள். 1987 ஜூலை 1 முதல் 2004 டிசம்பர் 2 வரை பிறந்தவர்களுக்குப் பெற்றோரில் ஒருவர் குடிமகனாக இருக்க வேண்டும். அதற்குப் பின் பிறந்தவர்களுக்கு இருவருமே குடிமக்களாகவோ, ஒருவர் குடிமகனாகவும் மற்றவர் சட்டவிரோதக் குடியேறியாக இல்லாதவராகவோ இருக்க வேண்டும். தமிழ்நாட்டின் மறுவாழ்வு முகாம்களில் வாழும் இலங்கைத் தமிழர்களைப் பொறுத்தவரை இந்தத் தேதிகள் வெறும் எண்கள் அல்ல. முகாமிலேயே பிறந்து, இங்கேயே படித்து வளர்ந்த பலர் வாக்களிக்க இயலாமல் இருக்க, 1987 ஜூலைக்கு முன் இங்கு பிறந்தவர்கள் சட்டப்படி குடியுரிமை கோரக்கூடிய நிலையில் இருக்கிறார்கள். அவ்வாறு பிறந்தவர் நீதிமன்றத்தை நாடி, கடவுச்சீட்டு பெற்று, 2024 மக்களவைத் தேர்தலில் வாக்களித்த நிகழ்வும் உண்டு.

வெளிநாட்டுக் குடியுரிமை பெற்றுவிட்ட இந்திய வம்சாவளியினர் ஓ.சி.ஐ. (வெளிநாட்டு இந்தியக் குடிமகன்) அட்டை வைத்திருந்தாலும் வாக்காளராக முடியாது. புதுச்சேரியில் தலைமுறைகளாக வாழும் பிரெஞ்சுக் குடிமக்கள் அங்கிருந்தபடியே பிரான்சின் தேர்தல்களில் வாக்களிக்கிறார்கள். தம் வீட்டு வாசலில் நடக்கும் சட்டப்பேரவைத் தேர்தலில் அவர்களுக்கு வாக்கு இல்லை.

இனித் தகுதியிழப்பு. மனநிலை சரியில்லாதவர் என்பதற்காக ஒருவரின் பெயரை நீக்க வேண்டுமெனில், தகுதிவாய்ந்த நீதிமன்றம் அவ்வாறு தீர்மானித்திருக்க வேண்டும். மருத்துவமனைச் சீட்டோ, உறவினரின் சொல்லோ, அக்கம்பக்கத்தாரின் எண்ணமோ போதாது. தேர்தல் சார்ந்த சில குற்றங்களில் தண்டனை பெற்றவர்கள் ஆறு ஆண்டுகளுக்கு வாக்குரிமையையே இழக்கிறார்கள். வாக்குக்காகக் கையூட்டுக் கொடுப்பது மட்டுமல்ல, பெறுவதும் அக்குற்றங்களுள் அடங்கும். பணம் கொடுத்த வேட்பாளரைத்தான் சட்டம் பிடிக்கும் என்று எண்ணிக்கொண்டு உறையை வாங்கி வைப்பவர்கள் இதைக் கவனிப்பதில்லை. 2019இல் வேலூர் மக்களவைத் தொகுதியில் பணப்புழக்கம் காரணமாகத் தேர்தலே ரத்து செய்யப்பட்டு ஆகஸ்ட் மாதத்தில் நடந்தது; பணம் வாங்காதவர்களும் சேர்ந்தே காத்திருக்க நேர்ந்தது.

சிறை பற்றிய விதி பலருக்கு வியப்பளிக்கும். தண்டனைக் கைதிகளும் விசாரணைக் கைதிகளும் காவல்துறையின் சட்டப்பூர்வக் காவலில் உள்ளவர்களும் வாக்களிக்க முடியாது. 1997இல் உச்ச நீதிமன்றம் இவ்விதியை ஏற்றுக்கொண்டது. ஆனால் தடுப்புக் காவலில் மட்டும் வைக்கப்பட்டிருப்பவர் அஞ்சல் மூலம் வாக்களிக்கலாம். குண்டர் தடுப்புச் சட்டத்தின் கீழ் மட்டும் அடைக்கப்பட்டவருக்கு இருக்கும் வாக்கு, பிணைத்தொகை கட்ட வழியின்றிச் சிறு திருட்டு வழக்கில் விசாரணைக் கைதியாக இருப்பவருக்கு இல்லை. இந்த முரண் நீடிப்பதற்கு நியாயமான காரணம் எதுவும் எனக்குத் தெரிந்து இல்லை. பிணையில் வெளிவந்தவர் தடையின்றி வாக்களிக்கலாம். சிறையில் இருக்கும் காலத்திலும் அவரது பெயர் பட்டியலிலிருந்து நீக்கப்படக் கூடாது.

படி 2: எந்த ஊர் வாக்காளர் என்பதை முடிவு செய்யுங்கள்

ஒருவர் ஒரே ஒரு தொகுதியில், ஒரே ஒரு முறைதான் பட்டியலில் இருக்கலாம். இதை, வாக்காளர் பட்டியல் பற்றிய 1950ஆம் ஆண்டின் மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 17, 18ஆம் பிரிவுகள் விதிக்கின்றன. எந்தத் தொகுதி என்பதை "வழக்கமாகக் குடியிருத்தல்" முடிவு செய்கிறது. சொந்த வீடு இருப்பதனால் மட்டும் ஒருவர் அங்கு வழக்கமாகக் குடியிருப்பவர் ஆகிவிடமாட்டார் என்று 20ஆம் பிரிவு கூறுகிறது. அதே பிரிவு, தற்காலிகமாக வெளியூர் சென்றிருப்பதால் மட்டும் ஒருவர் தம் குடியிருப்பை இழந்துவிடவும் மாட்டார் என்கிறது. சென்னையில் இருபது ஆண்டுகளாக வாடகை வீட்டில் குடும்பத்துடன் வாழ்ந்துகொண்டு, பொங்கலுக்கும் குலதெய்வ வழிபாட்டுக்கும் மட்டும் செல்லும் சொந்த ஊரில் பெயரை வைத்திருப்பவர்கள் ஏராளம். அதில் உள்ள உணர்வு புரிந்துகொள்ளத்தக்கதே. ஆனால் சட்டத்தின் பார்வையில் அவர்கள் சென்னை வாக்காளர்கள். வீடு வீடாகச் சரிபார்ப்பு நடக்கும்போது ஊரில் பூட்டிக் கிடக்கும் வீட்டைப் பார்த்து அலுவலர் "இடம்பெயர்ந்தவர்" என்று குறித்தால் அதைத் தவறென்று வாதிடுவது கடினம்.

விடுதியில் தங்கிப் படிக்கும் மாணவர்கள் பெற்றோரின் முகவரியிலோ விடுதி முகவரியிலோ பதிவு செய்யலாம், இரண்டில் ஒன்றுதான். திருப்பூர் பின்னலாடை ஆலைகளில் ஆண்டுக்கணக்கில் வேலை செய்து அங்கேயே குடியிருக்கும் ஒடிசா, பீகார் தொழிலாளர்களுக்கும் இதே விதி பொருந்தும். அவர்கள் விரும்பினால் இங்கு வாக்காளராகலாம். அதற்கு ஊர்ப் பட்டியலிலுள்ள பெயரை விட்டுக்கொடுக்க வேண்டும். இது அரசியல் மேடைகளில் சூடான பொருளாக இருப்பினும் சட்டத்தில் மயக்கம் இல்லை. நடைபாதையிலோ பாலத்தடியிலோ உறங்கும் வீடற்றவர்களுக்கு முகவரிச் சான்று கட்டாயமன்று. ஒவ்வொரு வாக்குச்சாவடிக்கும் பட்டியல் பணிக்கென உள்ள வாக்குச்சாவடி நிலை அலுவலர் இரவு நேரத்தில், ஒருமுறைக்கு மேல் சென்று, அவர் அவ்விடத்தில் உறங்குவதைத் தாமே உறுதி செய்ய வேண்டும் என்பது தேர்தல் ஆணையத்தின் அறிவுறுத்தல்.

வேலைக்காகவோ படிப்புக்காகவோ வெளிநாட்டில் வாழ்ந்துகொண்டு இந்தியக் குடியுரிமையைத் தக்கவைத்திருப்பவர்கள், கடவுச்சீட்டில் உள்ள இந்திய முகவரிக்குரிய தொகுதியில் படிவம் 6ஏ மூலம் பதிவு செய்யலாம். 2010ஆம் ஆண்டுத் திருத்தம் இந்த வாய்ப்பைத் திறந்தது. ஆனால் வாக்களிக்க நேரில் வர வேண்டும். அசல் கடவுச்சீட்டைக் காட்ட வேண்டும். துபாயிலோ சிங்கப்பூரிலோ உழைப்பவர் ஒரு வாக்குக்காக விமானச் சீட்டெடுக்க வேண்டியிருப்பதால் இவ்வுரிமை பெரும்பாலும் ஏட்டளவிலேயே இருக்கிறது. படைவீரர்களுக்கு நிலைமை வேறு: அவர்கள் தம் சொந்த ஊரிலேயே பணிசார் வாக்காளராகப் பதிவு செய்து, மின்னணு முறையில் வரும் அஞ்சல் வாக்குச்சீட்டைப் பயன்படுத்தலாம். உடன் வாழும் மனைவிக்கு மட்டும் இருந்த அந்தச் சலுகை, 2021ஆம் ஆண்டுத் திருத்தத்தால் படையில் பணியாற்றும் பெண்ணின் கணவருக்கும் கிடைத்தது.

படி 3: சரியான படிவத்தைத் தேர்ந்தெடுங்கள்

முதன்முறையாகப் பெயர் சேர்க்கப் படிவம் 6. முகவரி மாற்றம், பெயர் அல்லது பிறந்த தேதித் திருத்தம், தொலைந்த அட்டைக்கு மாற்று அட்டை, மாற்றுத்திறனாளி எனக் குறிப்பது ஆகிய அனைத்துக்கும் படிவம் 8. பட்டியலில் உள்ள பெயரை நீக்கவோ அதற்கு ஆட்சேபம் தெரிவிக்கவோ படிவம் 7. ஆதார் எண்ணைத் தெரிவிக்கப் படிவம் 6பி. அது விருப்பத்தின் பேரிலானது.

இவற்றுள் அதிகம் தவறு நடப்பது 6க்கும் 8க்கும் இடையில். வேறு தொகுதிக்குக் குடிபெயர்ந்தால் புதிதாகப் படிவம் 6 தர வேண்டும் என்பது பழைய முறை. 2022 ஆகஸ்ட் முதல், தொகுதிக்குள் மாறினாலும் வெளியே மாறினாலும் படிவம் 8 போதும். அதனோடு பழைய பதிவை நீக்கும் வேலையும் நடந்துவிடும். திருமணமாகிக் கணவர் வீட்டுக்குச் செல்லும் பெண்களுக்காக உறவினர்கள் புதிய வாக்காளர் போலப் படிவம் 6 நிரப்பிக் கொடுத்துவிடுகிறார்கள். பிறந்த வீட்டிலும் புகுந்த வீட்டிலும் ஒரே பெயர் இரண்டு முறை ஏறுகிறது. பட்டியல் தொடர்பாகத் தெரிந்தே பொய்யான உறுதிமொழி அளிப்பது, 1950ஆம் ஆண்டுச் சட்டத்தின் 31ஆம் பிரிவின்படி ஓராண்டு வரை சிறையோ அபராதமோ இரண்டுமோ விதிக்கத்தக்க குற்றம். படிவம் 6இல் "எனது பெயர் வேறெங்கும் பட்டியலில் இல்லை" என்று கையொப்பமிடுகிறோம் என்பதை மறக்கலாகாது.

விண்ணப்பத்தைத் தேர்தல் ஆணையத்தின் வாக்காளர் சேவை இணையதளத்திலோ செயலியிலோ தரலாம். வட்டாட்சியர் அலுவலகம், மாநகராட்சி மண்டல அலுவலகம், வாக்குச்சாவடி நிலை அலுவலர் ஆகியோரிடம் தாளிலும் கொடுக்கலாம். சிறப்பு முகாம்கள் பெரும்பாலும் சனி, ஞாயிறுகளில் உங்கள் வாக்குச்சாவடியிலேயே நடக்கும். வயதுக்குப் பிறப்புச் சான்றிதழ், பத்தாம் அல்லது பன்னிரண்டாம் வகுப்புச் சான்றிதழ், ஆதார், பான் அட்டை, ஓட்டுநர் உரிமம், கடவுச்சீட்டு ஆகியவற்றுள் ஒன்று போதும். முகவரிக்கு ஆதார், வங்கி அல்லது அஞ்சலகக் கணக்குப் புத்தகம், கடவுச்சீட்டு, குடிநீர், மின்சாரம், எரிவாயு ரசீதுகள், பதிவு செய்யப்பட்ட வாடகை ஒப்பந்தம், கிரயப் பத்திரம் போன்றவை ஏற்கப்படும். வாடகை வீட்டுக்காரர்கள் பலரிடம் இருப்பது பதிவு செய்யப்படாத முத்திரைத்தாள் ஒப்பந்தம்; அதைக் காட்டிலும், புது முகவரிக்கு மாற்றிய வங்கிக் கணக்குப் புத்தகம் எளிதாக வேலை முடிக்கும்.

படிவத்தை நிரப்பும்போது பெயரின் எழுத்துக்கூட்டலில் நேரம் செலவிடுங்கள். தமிழில் தலைப்பெழுத்து முன்னால் வருவது நமக்கு இயல்பு. கணினியோ முதற்பெயர், கடைப்பெயர் என்று கேட்கும். ஆதாரில், பள்ளிச் சான்றிதழில், வாக்காளர் பட்டியலில் என மூன்றிடங்களிலும் மூன்று விதமாகப் பெயர் அமைந்துவிட்டால் பிற்காலச் சரிபார்ப்புகளில் அதுவே கேள்வியாகிறது. ஏற்கெனவே வாக்காளராக உள்ள பெற்றோர் அல்லது கணவர், மனைவியின் அட்டை எண்ணைத் தருவதும் பயனுள்ளது. ஒரே குடும்பத்தினர் பட்டியலின் ஒரே பாகத்தில் அடுத்தடுத்து இடம்பெற அது உதவும். திருநங்கையர், திருநம்பியர் மூன்றாம் பாலினம் என்ற பிரிவில் பதிவு செய்யலாம்.

விண்ணப்பம் வந்ததும் வாக்குச்சாவடி நிலை அலுவலர் வீட்டுக்கு வந்து சரிபார்ப்பார். விண்ணப்பங்களின் விவரம் ஏழு நாட்கள் ஆட்சேபத்துக்காக வெளியிடப்பட்ட பின்னரே வாக்காளர் பதிவு அலுவலர் முடிவெடுப்பார். இந்த ஏழு நாட்கள் தேர்தல் நெருங்கும்போது பெரிதாகிவிடும். வேட்புமனுத் தாக்கலுக்கான கடைசி நாள் முடிந்த பின் அத்தொகுதிப் பட்டியலில் எந்தச் சேர்ப்பும் நீக்கமும் திருத்தமும் செய்யக் கூடாது என்பது 1950ஆம் ஆண்டுச் சட்டத்தின் 23ஆம் பிரிவு. தேர்தல் அறிவிப்பு வந்ததும் பரபரத்துக் கடைசி நாளில் விண்ணப்பிப்பவர்களின் பெயர் அந்தத் தேர்தலுக்கு ஏறாமல் போவதற்கு அலுவலரின் மெத்தனம் காரணமாக இருக்க வேண்டியதில்லை, நாட்கணக்கு இடந்தராது. நிராகரிக்கப்பட்டால் 15 நாட்களுக்குள் மாவட்ட ஆட்சியரிடமும், அவர் முடிவும் பாதகமானால் 30 நாட்களுக்குள் தலைமைத் தேர்தல் அதிகாரியிடமும் மேல்முறையீடு செய்யலாம்.

படி 4: பெயர் இன்னும் இருக்கிறதா என்று பாருங்கள்

ஒருமுறை ஏறிய பெயர் என்றென்றும் இருக்கும் என்று யாரும் உறுதியளிக்கவில்லை. பட்டியல் ஆண்டுதோறும் திருத்தப்படுகிறது. சில வேளைகளில் அடியிலிருந்தே புதிதாக எழுதப்படுகிறது. 1950ஆம் ஆண்டுச் சட்டத்தின் 21ஆம் பிரிவு தேர்தல் ஆணையத்துக்கு அந்த அதிகாரத்தை அளிக்கிறது. எஸ்.ஐ.ஆர். என்று எல்லோர் வாயிலும் அடிபட்ட சிறப்புத் தீவிரத் திருத்தம் 2025இல் பீகாரில் தொடங்கி, நவம்பர் 4 முதல் தமிழ்நாட்டிலும் நடந்தது. வீடுதோறும் கணக்கீட்டுப் படிவம் தரப்பட்டது. அதை நிரப்பித் திருப்பித் தந்தவர்களின் பெயர்களே வரைவுப் பட்டியலில் இடம்பெற்றன. டிசம்பர் 19இல் வெளியான அந்த வரைவில் ஏறத்தாழ 97 லட்சம் பெயர்கள் இல்லை. இறந்தோரும் இரட்டைப் பதிவுகளும் குடிபெயர்ந்தோரும் அதில் அடக்கம் என்பது ஆணையத்தின் விளக்கம். உண்மையில் ஊரில் இருந்தும் படிவம் கைக்கு வராமலோ, வந்தும் பொருட்படுத்தாமலோ விடுபட்டவர்கள் மீண்டும் படிவம் 6ஐ உறுதிமொழியுடன் கொடுக்க வேண்டியதாயிற்று. ஆதாரை அடையாளச் சான்றாக ஏற்க வேண்டும், ஆனால் அது குடியுரிமைச் சான்றாகாது என்று பீகார் வழக்கில் உச்ச நீதிமன்றம் 2025 செப்டம்பரில் சொன்னதையும் இங்கு நினைவிற்கொள்ள வேண்டும்.

எனவே ஆண்டுக்கு இருமுறையாவது, குறிப்பாக வரைவுப் பட்டியல் வெளியாகும்போது, அட்டை எண்ணைக் கொண்டு இணையதளத்தில் தேடிப் பாருங்கள். இணையம் வசதிப்படாதவர்கள் 1950 என்ற எண்ணை அழைக்கலாம், அல்லது வாக்குச்சாவடியில் ஒட்டப்படும் பட்டியலைப் பார்க்கலாம். பாக எண்ணையும் வரிசை எண்ணையும் குறித்துக்கொள்ளுங்கள். வீட்டிலுள்ள முதியவர்களின் பெயர்களையும் சேர்த்துப் பாருங்கள்; உயிரோடிருப்பவர் "இறந்தவர்" என்று நீக்கப்படும் கூத்து அவர்களுக்குத்தான் அதிகம் நேர்கிறது.

உங்கள் பெயருக்கு எதிராக யாரேனும் படிவம் 7 கொடுத்திருந்தால் அஞ்ச வேண்டியதில்லை, ஆனால் அசட்டையாகவும் இருக்கக் கூடாது. நீக்குவதற்கு முன் உரியவருக்கு அறிவிப்பு அனுப்பி விளக்கம் சொல்ல வாய்ப்பளிக்க வேண்டும் என்பது சட்டம். ஏற்கெனவே பட்டியலில் இருப்பவரின் பெயர் உரிய விசாரணைக்குப் பிறகே சேர்ந்திருக்கும் என்ற அனுமானம் அவருக்குச் சாதகமாக இருக்க வேண்டும் என்று லால் பாபு ஹுசேன் வழக்கில் 1995இல் உச்ச நீதிமன்றம் கூறியது. அறிவிப்பு வந்தால் அதில் குறித்த நாளில் சான்றுகளோடு நேரில் செல்லுங்கள். போகாமல் இருந்துவிட்டுப் பின்னர் மேல்முறையீடு செய்வது சுற்றுவழி.

தேர்தல் நடவடிக்கை தொடங்கிய பின் நீதிமன்றத்தை நாடி நிறுத்திவிடலாம் என்ற நம்பிக்கையும் வேண்டாம். 1952இல் நாமக்கல் தொகுதியில் வேட்புமனு நிராகரிக்கப்பட்டதை எதிர்த்துப் பொன்னுசாமி தொடுத்த வழக்கில், தேர்தல் நடக்கும்போது நீதிமன்றங்கள் இடையில் தலையிடா என்றும், வாக்களிப்பதும் போட்டியிடுவதும் சட்டம் தந்த உரிமைகள், சட்டத்தின் வரம்புகளுக்கு உட்பட்டவை என்றும் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. நம் மண்ணில் பிறந்த அவ்வழக்கு இன்றும் நாடெங்கும் மேற்கோள் காட்டப்படுகிறது.

ஊராட்சி, நகராட்சித் தேர்தல்களை மாநிலத் தேர்தல் ஆணையம் நடத்தினாலும், வார்டுப் பட்டியல் சட்டப்பேரவைப் பட்டியலை ஒட்டியே தயாராகிறது. ஆகையால் மேற்சொன்னதைச் சரியாகச் செய்தவருக்கு அங்கும் வாக்கு உண்டு. வார்டு மாறிப் பெயர் ஏறியிருக்கிறதா என்பதை மட்டும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

படி 5: நேரில் வர இயலாதவர்கள் முன்கூட்டியே விண்ணப்பியுங்கள்

85 வயது கடந்தவர்களும் 40 விழுக்காட்டுக்குக் குறையாத குறைபாடு உடைய மாற்றுத்திறனாளிகளும் வீட்டிலிருந்தே வாக்களிக்கலாம். முன்பு 80 ஆக இருந்த வயது வரம்பு 2024இல் 85 ஆக உயர்த்தப்பட்டது. இதற்கான படிவம் 12டியைத் தேர்தல் அறிவிக்கை வெளியான ஐந்து நாட்களுக்குள் கொடுத்துவிட வேண்டும். வாக்குச்சாவடி நிலை அலுவலரே வீட்டுக்குக் கொண்டுவருவார். பின்னர் அலுவலர் குழு வந்து, இரகசியம் காத்து வாக்கைப் பெற்றுச்செல்லும். ஒருமுறை இவ்வழியைத் தேர்ந்தெடுத்தவர் வாக்குச்சாவடியில் வாக்களிக்க முடியாது என்பதால், நடமாட முடிந்த முதியவர்கள் யோசித்துக் கையொப்பமிடட்டும்.

தேர்தல் பணியிலுள்ள ஆசிரியர்களும் அரசு ஊழியர்களும், பணியிடம் சொந்தத் தொகுதிக்குள் இருந்தால் தேர்தல் பணிச் சான்று பெற்று அங்கேயே இயந்திரத்தில் வாக்களிக்கலாம். வெளியே என்றால் அஞ்சல் வாக்கு. அஞ்சல் வாக்கில் உறுதிமொழியும் சான்றொப்பமும் சரியாக இல்லாவிட்டால் வாக்குச்சீட்டைப் பிரிக்காமலேயே தள்ளிவிடுவார்கள். 2016 சட்டப்பேரவைத் தேர்தலில் 49 வாக்கு வித்தியாசத்தில் முடிவான ராதாபுரம் தொகுதியில், பள்ளித் தலைமை ஆசிரியர் சான்றொப்பமிட்ட அஞ்சல் வாக்குகள் நிராகரிக்கப்பட்டது சரியா என்ற கேள்வி ஆண்டுக்கணக்கில் நீதிமன்றங்களில் நடந்தது.

படி 6: வாக்குப்பதிவு நாள்

தனியார் நிறுவனமோ கடையோ தொழிற்சாலையோ, வாக்குரிமை உள்ள ஊழியருக்கு அன்று சம்பளத்துடன் விடுப்பளிக்க வேண்டும் என்பது 1951ஆம் ஆண்டுச் சட்டத்தின் 135பி பிரிவு. தினக்கூலித் தொழிலாளர்களுக்கும் அது பொருந்தும். மீறும் முதலாளிக்கு விதிக்கத்தக்க அபராதம் ஐந்நூறு ரூபாய் வரைதான் என்பது வேறு கதை.

வாக்காளர் அட்டை இல்லாவிட்டாலும் பட்டியலில் பெயர் இருந்தால் ஆதார், ஓட்டுநர் உரிமம், பான் அட்டை, கடவுச்சீட்டு, புகைப்படம் ஒட்டிய வங்கி அல்லது அஞ்சலகக் கணக்குப் புத்தகம், நூறு நாள் வேலை அட்டை, புகைப்படத்துடன் கூடிய ஓய்வூதிய ஆவணம், அரசு அல்லது பொதுத்துறை ஊழியர் அட்டை, மாற்றுத்திறனாளி அட்டை உள்ளிட்டவற்றுள் ஒன்றைக் காட்டலாம். நம்மூரில் எல்லா வேலைக்கும் நீட்டப்படும் குடும்ப அட்டை அந்தப் பட்டியலில் இல்லை. பூத் சிலிப்பும் 2019 முதல் தனித்து அடையாளச் சான்றாகாது. பாக எண், வரிசை எண் காண மட்டுமே அது உதவும். கைப்பேசியை வீட்டிலேயோ வெளியில் நம்பகமானவரிடமோ விட்டுச் செல்லுங்கள்.

உள்ளே முதல் அலுவலர் பெயரைச் சரிபார்த்து உரக்கப் படிப்பார். கட்சி முகவர்கள் ஆட்சேபிக்க விரும்பினால் அப்போதே ஆட்சேபிக்கலாம். ஆட்சேபிப்பவர் இரண்டு ரூபாய் கட்ட வேண்டும். விசாரித்து முடிவு செய்வது தலைமை அலுவலர். அடுத்தவர் இடக்கைச் சுட்டுவிரலில் மை வைத்து, பதிவேட்டில் கையொப்பமோ கைநாட்டோ பெற்றுச் சீட்டுத் தருவார். அந்தச் சீட்டைப் பெற்றுக்கொண்டு மூன்றாமவர் இயந்திரத்தை வாக்குக்குத் தயார்ப்படுத்துவார். பொத்தானை அழுத்தியதும் அருகிலுள்ள ஒப்புகைச் சீட்டு இயந்திரத்தில் உங்கள் தேர்வு ஏழு நொடிகள் தெரியும். அச்சான சீட்டு தவறாக இருப்பதாகக் கருதினால் எழுத்துமூலம் உறுதிமொழி தந்து சோதனை வாக்குக் கோரலாம். புகார் பொய்யென்றால் தண்டனை உண்டு என்பதால் உறுதியாகத் தெரிந்தால் மட்டும் கோருங்கள். பார்வையற்றவர்களும் தாமே பொத்தானை அழுத்த இயலாதவர்களும் 18 வயது நிறைந்த துணை ஒருவரை அழைத்துச் செல்லலாம். ஒருவர் ஒரே நாளில் ஒருவருக்குத்தான் துணையாக வர முடியும்.

எவரையும் தேர்ந்தெடுக்க விருப்பமில்லாதவர்களுக்கு 2013 முதல் இயந்திரத்திலேயே நோட்டா இருக்கிறது. பதிவேட்டில் கையெழுத்திட்ட பிறகு வாக்களிக்காமலே திரும்புவதற்குத் தேர்தல் நடத்தை விதிகளில் 49ஓ விதி இடமளிக்கிறது. அதில் இரகசியம் இல்லை, தலைமை அலுவலர் குறிப்பெழுதி உங்கள் கையொப்பத்தைப் பெறுவார்.

உங்கள் பெயரில் ஏற்கெனவே யாரோ வாக்களித்துவிட்டார் என்று சொன்னால் திரும்பி வந்துவிடாதீர்கள். அலுவலரின் கேள்விகளுக்குப் பதிலளித்து உங்கள் அடையாளத்தை மெய்ப்பித்தால், அதே விதிகளின் 49பி (49P) விதியின்படி ஆய்வுக்குரிய வாக்குச்சீட்டு ஒன்று தாளில் தரப்படும். இயந்திரத்தில் வாக்களிக்க விடமாட்டார்கள். இந்தச் சீட்டு தனி உறையில் வைத்து முத்திரையிடப்படும், வழக்கமான எண்ணிக்கையில் சேராது. தேர்தல் வழக்கில் நீதிமன்றம் உத்தரவிட்டால்தான் அது திறக்கப்படும். பயனில்லாத சடங்கு என்று இதை ஒதுக்குவோர் உண்டு. ஆயினும் வித்தியாசம் சொற்பமான தொகுதியில் முடிவையே கேள்விக்கு உள்ளாக்கக்கூடியது இது. ஆள்மாறாட்டம் நடந்ததற்கான ஆவணமாகவும் நிற்கும்.

வாக்குப்பதிவு முடியும் நேரத்துக்கு முன் வரிசையில் வந்து நின்றுவிட்டால், நேரம் கடந்தாலும் வாக்களிக்க விடாமல் அனுப்ப முடியாது. தலைமை அலுவலர் வரிசையின் கடைசி ஆளிலிருந்து தொடங்கி முன்னோக்கி எண்ணிட்ட சீட்டுகளை வழங்குவார். அதன் பிறகு வருபவர்கள் சேர்த்துக்கொள்ளப்படமாட்டார்கள்.